பினாங்கில் எந்தச் சேவைக்கு எந்த அரசு பணம் தருகிறது, அதை எங்கே எப்படிக் கேட்பது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் வீட்டு முன்னால் ஓடும் லோங்காங், அதாவது வடிகால், அடைத்துக்கொண்டால், நம்மில் பலர் முதலில் செய்வது தெரிந்த அரசியல்வாதி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதுதான். சில நேரம் அது பலித்துவிடுகிறது. பல நேரம் அந்தப் படம் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. படத்தைப் பெற்றவர் அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அந்த வடிகாலைத் தூர்வாரும் அதிகாரமும் அதற்கு ஒதுக்கப்பட்ட பணமும் அவர் கையில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். எனவே ஒரு சேவையைக் கேட்கப் புறப்படும் முன், அந்தச் சேவைக்கான செலவு எந்த அரசின் வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைக் கண்டுபிடிப்பது பற்றியது. கேட்கும் முறை அதற்குப் பிறகுதான்.

மூன்று அடுக்கு அரசு

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கல்வி, மருத்துவமனை, காவல்துறை ஆகியவை புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பொறுப்பு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு. வடிகால், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல் போன்றவை இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன; இழுபறிகள் பெரும்பாலும் இந்தப் பொதுப் பட்டியலில்தான் நடக்கின்றன. மாநிலத்திற்குக் கீழே, தீவுக்குப் பினாங்கு தீவு மாநகர் மன்றமும் பெருநிலத்திற்குச் செபராங் பிறை மாநகர் மன்றமும் இயங்குகின்றன. தீவு மன்றம் 2015-இலும் செபராங் பிறை மன்றம் 2019-இலும் மாநகர் தகுதி பெற்றன. இரண்டையும் ஆள்வது 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171-ஆவது சட்டம். கையில் வைத்திருக்க வேண்டிய ஒரே சட்டப் புத்தகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை தெளிவாகப் புரியும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கூட்டரசின் கல்வி அமைச்சு. பள்ளி நிலத்தின் வகையையோ எல்லையையோ மாற்ற வேண்டுமானால் மாநிலத்தின் நில அலுவலகத்திற்குப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கென மாநில அரசு ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கும் மானியமும் உண்டு. பள்ளி வாசலுக்கு வெளியே குண்டும் குழியுமாகக் கிடக்கும் உள்சாலையும், மழைக்கு நிரம்பி வழியும் ஓர வடிகாலும் பெரும்பாலும் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. வகுப்பறைக் கூரையைப் பற்றி மன்ற உறுப்பினரிடம் முறையிடும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், வாசல் வடிகாலைப் பற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எழுதும் சங்கமும் ஒரே அளவு காலத்தை வீணாக்குகின்றன.

மாநகர் மன்றத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை 171-ஆவது சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது: வரி, வாடகை, உரிமக் கட்டணம், அபராதம், சொத்துகளிலிருந்து கிடைக்கும் வருமானம், கூட்டரசும் மாநிலமும் தரும் மானியம். இவற்றில் முதுகெலும்பு என்பது நாம் அரையாண்டுக்கொரு முறை கட்டும் மதிப்பீட்டு வரி. அதற்கு மேல் சாலைப் பராமரிப்புக்கென்று கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் மானியம் அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவில் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிய சாலையின் நீளத்தைக் கணக்கிட்டே அது வருகிறது. புதிய வீடமைப்புப் பகுதியில் மேம்பாட்டாளர் போட்ட சாலை இன்னும் மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை என்றால் அது பதிவேட்டில் ஏறியிருக்காது. அப்படிப்பட்ட தாமானில் சாலைக்குழியைப் பற்றி எத்தனை புகார் கொடுத்தாலும் பதில் இழுத்தடிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எப்போது தார் போடுவீர்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தச் சாலை மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா’ என்பதாக இருக்கட்டும்.

அரசுக் கட்டடங்களுக்கு நம்மைப் போல் மதிப்பீட்டு வரி விதிக்கப்படுவதில்லை. அரசியலமைப்பின் 156-ஆவது பிரிவின்படி அதற்கு ஈடாக ஒரு தொகை மன்றத்திற்குக் கொடுக்கப்படுகிறது. ஒரு மன்றத்தின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது இந்தத் தொகையையும் பார்ப்பது நல்லது.

எது யாருடையது

சாலையிலிருந்து தொடங்கலாம். சாலையோரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லையோ எண் பலகையையோ பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. மாநிலத்தைக் குறிக்கும் ‘பி’ என்ற எழுத்தோடு எண் இருந்தால் மாநிலச் சாலை. தீவைச் சுற்றி வரும் 6-ஆம் எண் சாலையும், பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கம் செல்லும் 1-ஆம் எண் சாலையும் கூட்டரசுச் சாலைகள். இவ்விரு வகைக்கும் களத்தில் பொறுப்பேற்பது ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணித் துறை. எண்ணே இல்லாத தாமான் சாலை, கடைவீதிச் சாலை, பின்சந்து ஆகியவை பெரும்பாலும் மாநகர் மன்றத்தினுடையவை. நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருந்தால் அதை நடத்தும் நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

வடிகால் இதைவிடச் சிக்கலானது. வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் ஓடும் சிறு வடிகால் மன்றத்தினுடையது என்றாலும், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் பெரிய வாய்க்காலும் ஆறும் ஜே.பி.எஸ். எனப்படும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. அரசுச் சாலையோரத்து வடிகாலை அந்தச் சாலையைப் பராமரிப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். மன்றம் தன் வடிகாலை ஒழுங்காகத் தூர்வாரியும், அது கலக்கும் ஆறு மேடிட்டுக் கிடந்தால் மழை நாளில் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள்தான் வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த பெருமழையின்போது இதைப் பலர் நேரில் பார்த்தார்கள். சுங்கை பினாங்கு போன்ற ஆறுகளின் வெள்ளத்தடுப்புத் திட்டங்கள் கூட்டரசு ஒதுக்கும் பெருந்தொகையை நம்பியிருப்பவை. அவற்றை மாநகர் மன்றக் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை, நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். ஆகவே வெள்ளம் பற்றிப் புகார் எழுதும்போது தண்ணீர் எந்த வடிகாலில் தொடங்கி எந்த வாய்க்காலில் தடைப்படுகிறது என்பதை நடந்து பார்த்து எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் கடிதத்தைச் சரியான மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குடிநீர் பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் வேலை. மீட்டர் வரையிலான குழாய் அவர்களுடையது, மீட்டருக்கு உட்பட்டது வீட்டுக்காரருடையது. கழிவுநீர் இண்டா வாட்டர் நிறுவனத்தைச் சேர்ந்தது. அது கூட்டரசின் நிதி அமைச்சுக்குச் சொந்தமானது. வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை செல்லும் இணைப்பை வீட்டுக்காரரே சரிசெய்ய வேண்டும். மழைத்தண்ணீர் போகும் வடிகாலுக்கும் கழிவறைத் தண்ணீர் போகும் குழாய்க்கும் வேறுவேறு அமைப்புகள் பொறுப்பு என்பதால், துர்நாற்றம் வரும்போது முதலில் மூடியை நன்றாகப் பார்த்து எது என்று உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

குப்பை விஷயத்தில் கோலாலம்பூர் உறவினர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களிலும் கோலாலம்பூரிலும் குப்பை அள்ளுவது கூட்டரசின் கீழுள்ள கழகமும் அதன் குத்தகை நிறுவனங்களும் பார்க்கும் வேலை. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே குப்பை அள்ளுவதும் பொது இடங்களைத் துப்புரவு செய்வதும் இரு மாநகர் மன்றங்களின் நேரடிச் செலவு, அதாவது நாம் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து போகும் செலவு. தீவின் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்திலிருந்து நிபோங் தெபாலுக்கு அருகிலுள்ள பூலாவ் பூரோங் நிரப்பிடத்திற்குச் செல்கிறது. அந்தப் பயணமும் செலவுதான். 2016-இல் தொடங்கிய, வீட்டிலேயே குப்பையைப் பிரித்துவைக்கும் கொள்கையின் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. தைப்பூசத்தன்று தேர் போன பிறகு சாலை முழுவதும் சிதறிக் கிடக்கும் தேங்காய் ஓடுகளை விடிவதற்குள் அள்ளிச் செல்லும் தொழிலாளர்களை அனுப்புவதும் இதே மன்றம்தான். தண்ணீர்ப் பந்தல் போட அனுமதி கேட்கும் குழுக்கள் குப்பைத்தொட்டி ஏற்பாட்டையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் ஒட்டப்பட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் கொடுக்கும் விளக்குப் புகார் அநேகமாக வீண்.

டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிப்பதில் மாவட்டச் சுகாதார அலுவலகமும் மன்றமும் இரண்டுமே ஈடுபடுகின்றன, இருவருக்கும் தெரிவிக்கலாம்.

மதிப்பீட்டு வரி: கட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள்

மன்றத்தை நாம் எதிர்கொள்ளும் முதல் இடம் இந்த வரி என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பலர் இதையும் நில வரியையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நில வரி மாநிலக் கருவூலத்திற்குப் போகிறது, நில அலுவலகம் வாங்குகிறது, ஆண்டுக்கு ஒருமுறை. மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்திற்குப் போகிறது. முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி இறுதிக்குள்ளும் இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இவை இரண்டையும் தவிர, மாடியின் நிர்வாகக் கழகத்திற்குக் கொடுக்கும் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. மின்தூக்கி பழுதாகும்போது ‘மன்றத்துக்கு வரி கட்டுகிறோமே’ என்று கோபப்படுவது இயல்பு. ஆனால் தனியார் அடுக்குமாடியின் மின்தூக்கி அந்தக் கட்டணத்திலிருந்து பார்க்கப்பட வேண்டியது.

கணக்கு எளிமையானது. உங்கள் வீட்டை ஓர் ஆண்டு வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. அது ஆண்டு மதிப்பு. அதை விகிதத்தால் பெருக்கினால் வரி. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாதம் 500 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட். விகிதம் 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 420 ரிங்கிட், அரையாண்டுக்கு 210 ரிங்கிட். விகிதம் இடத்தையும் பயன்பாட்டையும் பொறுத்து மாறும். உங்களுடையது எது என்பது ரசீதிலேயே இருக்கும். 171-ஆவது சட்டத்தின் 130-ஆவது பிரிவு உச்ச வரம்பாக ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டை வைத்திருக்கிறது.

ரசீது வந்ததும் மூன்றைப் பாருங்கள்: உரிமையாளர் பெயர், சொத்தின் வகை, ஆண்டு மதிப்பு. வீட்டை வாங்கியும் பெயர் மாற்றாமல் இருப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. 160-ஆவது பிரிவின்படி விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்திற்குள் மன்றத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அறிவிப்புகள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், நிலுவை ஏறும், கடைசியில் வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்றும் ஆணையோடு அதிகாரிகள் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். சொத்தின் வகையும் முக்கியம். குடியிருப்பாக இருந்த இடம் வணிகமாகப் பதிவாகியிருந்தால் விகிதமே மாறிவிடும்.

ஆண்டு மதிப்பு கூடுதலாகத் தோன்றினால், ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையை 142-ஆவது பிரிவு தருகிறது. சட்டப்படி புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்திற்குள், தயாரிக்கப்பட வேண்டும். நடைமுறையில் நீண்ட இடைவெளி விழுவதால் மதிப்பு ஒரே தாவலாக ஏறுகிறது, மக்களும் ஒரே நேரத்தில் அதிர்ச்சியடைகிறார்கள். புதிய பட்டியல் பற்றிய அறிவிப்பில் மறுஆய்வுக்கான தேதி இருக்கும். அந்தத் தேதிக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே ஆட்சேபம் எழுத்துமூலம் போய்ச் சேர வேண்டும். ‘எனக்கு ஓய்வூதியம்தான் வருமானம்’ என்பது மனத்தைத் தொடும் காரணம், ஆனால் சட்டம் கேட்கும் காரணம் அதுவன்று; உங்கள் சொத்து அதன் உண்மையான வாடகை மதிப்புக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். அதே வரிசையில், அதே அளவில் உள்ள வீடுகளின் வாடகை ஒப்பந்த நகல் இரண்டு மூன்று கிடைத்தால் அதைவிட வலுவான சான்று இல்லை. வீட்டின் கூரை, சுவர், வெள்ளம் வரும் நிலை ஆகியவற்றின் படங்களும் உதவும், ஏனென்றால் அவை வாடகையைக் குறைப்பவை. விசாரணைக்கு அழைத்தால் நேரில் போங்கள். போகாமல் கடிதத்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். மன்றத்தின் முடிவிலும் திருப்தி இல்லை என்றால் 145-ஆவது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்திற்குப் போகலாம். ஒரு சாதாரண வீட்டுக்கு அந்தச் செலவு தகுமா என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் எழுதிவிட்டோம் என்பதற்காக வரி கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீடு காலியாகக் கிடந்தால் 162-ஆவது பிரிவின்படி வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். குடியிருக்கத் தகுந்த நிலையில் இருந்தும், நியாயமான வாடகைக்கு ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். வீடு காலியான உடனேயே மன்றத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்திருந்தால்தான் இது நடக்கும். ஆண்டு முடிவில் நினைவுக்கு வந்து எழுதுபவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

கோயில் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது 134-ஆவது பிரிவு. வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடம், பொது இடுகாடு, சுடலை, பொதுப் பள்ளி, இலாப நோக்கமற்ற அறப்பணி நிலையம் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அது தானாக வருவதில்லை. விண்ணப்பித்துப் பெற வேண்டும். கோயில் வளாகத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு விலக்கு எதிர்பார்க்க முடியாது. கணக்குத் தணிக்கையின்போது இதை மறைப்பதைவிட, விண்ணப்பத்திலேயே பிரித்துக் காட்டுவது நல்லது.

புகாரை எழுதும் முறை

தொலைபேசியில் சொன்ன புகாருக்குத் தடயம் இல்லை. மன்றங்களின் இணையப் புகார் முறையிலோ மின்னஞ்சலிலோ எழுதி, அதற்கான எண்ணைப் பெறுங்கள். மலாய் மொழியில் எழுதுவது வேலையைச் சுருக்கும். முதல் வரியில் இடம், சாலைப் பெயர், அருகிலுள்ள வீட்டு எண் அல்லது விளக்குக் கம்ப எண். இரண்டாவது வரியில் பிரச்சினை எப்போது தொடங்கியது, எப்போதெல்லாம் கடுமையாகிறது. மூன்றாவது வரியில் நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள். படம் இரண்டு போதும், ஒன்று அருகிலிருந்து, மற்றொன்று சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து. ஆட்சியின் குறைகளைப் பற்றிய விமர்சனத்தை அதே கடிதத்தில் எழுதத் தோன்றும். அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஒரு கடிதத்தில் ஒரே ஒரு பிரச்சினையை மட்டும் வையுங்கள். சாலைக்குழி, தெருநாய், விளக்கு மூன்றையும் ஒன்றாக எழுதினால் அது மூன்று துறைகளுக்குப் பொதுவான கடிதமாகி, ஒருவருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

பதில் வராவிட்டால் படிப்படியாக ஏறுங்கள். முதலில் அதே எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல், பிறகு உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர், பிறகு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். மாநிலச் சட்டமன்றத்தில் 40 தொகுதிகள் இருப்பதால் யாருக்கும் சட்டமன்ற உறுப்பினர் எட்டாத தொலைவில் இல்லை. ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. மேயரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம் என்பது சட்டம். 1957-இல் ஜோர்ஜ்டவுன் மாநகரான காலத்தில் நிலை வேறு. அப்போது மன்றத்திற்குத் தேர்தல் இருந்தது, முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், அந்த மன்றம் தண்ணீரையும் மின்சாரத்தையும் பேருந்தையும் தானே நடத்தியது. அவர் பெயரில் தீவில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றி முயன்று பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மன்ற உறுப்பினருக்கு உங்கள் வாக்கு தேவையில்லை என்பதால், அவரை நியமித்த மாநில அரசின் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதத்தின் நகலை அனுப்புவது வெறும் சடங்கன்று. கோலாலம்பூர்க்காரர்களுக்கு அந்த நியமன உறுப்பினர்கூடக் கிடையாது. அங்கே நாடாளுமன்ற உறுப்பினரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கூட்டரசு அலுவலகம் ஒன்று பதில் தராமல் இழுத்தடித்தால் பொதுப் புகார் பிரிவுக்கு எழுதலாம். அதற்கும் மேலே சொன்ன ஒழுங்குதான்.

வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் தெருவை ஏற்றுவது

புகார் பழுதைச் சரிசெய்யும். புதிதாக ஒரு நடைபாதையோ மண்டபமோ விளையாட்டுத் திடலோ வேண்டுமென்றால் புகாரால் ஆகாது. அது அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு செலவினமாக இடம்பெற வேண்டும். மன்றங்களின் வரவு செலவு மதிப்பீடு, ஆண்டு பிறக்கும் முன்பே மன்றத்தால் ஏற்கப்பட்டு மாநில அரசின் ஒப்புதலையும் பெற்றுவிடுகிறது. ஆகவே நவம்பரில் கோரிக்கை வைத்துவிட்டு அடுத்த ஜனவரியில் வேலை தொடங்கும் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். ஆண்டின் நடுப்பகுதியிலேயே எழுதுங்கள். எத்தனை வீடுகள் பயன்பெறும், நிலம் யாருக்குச் சொந்தம், அருகில் இதே வசதி எங்கே இருக்கிறது என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். நிலம் யாருடையது என்ற பதிலில்லாத கோரிக்கைகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவுத் தேடல் ஒன்றை நில அலுவலகத்தில் எடுத்து இணைத்தால் அதிகாரி அதற்காகச் செலவிடும் மாதங்கள் மிச்சமாகும்.

இதில் பினாங்குக்கு நல்ல முன்னனுபவம் உண்டு. 2012-இல் தொடங்கிய பாலினச் சமத்துவப் பங்கேற்பு வரவு செலவு முயற்சியில், பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரு மன்றங்களும் சேர்ந்து தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பிலும் பெருநிலத்தில் அம்பாங்கான் மக்கள் வீடமைப்பிலும் குடியிருப்பாளர்களையே முன்னுரிமையைத் தீர்மானிக்க வைத்தார்கள். அப்போது செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தவர் மைமுனா முகமட் ஷரிப். அவர் பிற்பாடு ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்புத் திட்டத்தின் தலைவராகவும், 2024-இல் கோலாலம்பூர் மேயராகவும் ஆனார். உங்கள் அடுக்குமாடியில் இப்படி ஒன்றைக் கேட்பதற்கு முன்மாதிரி மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாநில அரசின் பராமரிப்பு நிதி ஒன்று இருக்கிறது. ‘80 விழுக்காட்டு நிதி’ என்றே மக்கள் அதை அழைக்கிறார்கள். மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பொதுப் பகுதிகளைப் பழுதுபார்க்கும் செலவில் பெரும்பங்கை மாநிலம் ஏற்க, மீதியை அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம் போட வேண்டும். சிக்கல் அந்த மீதிப் பங்கில்தான். குடியிருப்பாளர்கள் மாதக் கட்டணத்தைக் கட்டாததால் கழகத்தின் கணக்கில் பணமே இருப்பதில்லை. முறையான நிர்வாகக் கழகமும் ஆண்டுக் கூட்டக் குறிப்பும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாத அடுக்குமாடி இந்த நிதியை நெருங்கவே முடியாது. இவற்றை ஒழுங்குபடுத்த உதவுவது மாநகர் மன்றத்திற்குள்ளேயே இருக்கும் கட்டட ஆணையர் பிரிவு. நிதி விண்ணப்பத்திற்கு முன் அங்கே போய்ப் பேசுவது நல்லது.

கோயிலுக்கோ சங்கத்திற்கோ மானியம் கேட்பவர்களுக்கும் இதே காகிதங்கள்தான் தேவை: பதிவுச் சான்றிதழ், நடப்பு நிர்வாகக் குழுப் பட்டியல், சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டின் கணக்கறிக்கை, செய்யப்போகும் வேலைக்குக் குத்தகையாளர் தந்த விலைப்புள்ளி. முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு மாநில அரசும் கூட்டரசின் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சும் தனித்தனியே நிதி வைத்திருக்கின்றன. இரண்டிடமும் கேட்கலாம், ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்காமல், எந்தப் பகுதிக்கு யாரிடம் கேட்கிறீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். கிடைத்த பணத்துக்குப் படத்தோடும் ரசீதோடும் கணக்குக் கொடுப்பவர்களுக்கு அடுத்த முறை கதவு எளிதாகத் திறக்கிறது.

கணக்கைப் பார்க்கும் உரிமை

மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் வரலாம் என்பதை 171-ஆவது சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. மன்றம் தனியாகத் தீர்மானம் போட்டால் தவிரக் கூட்டம் திறந்ததே. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. முழு மன்றக் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்தால், உங்கள் பகுதி உறுப்பினர் பேசுகிறாரா, எதைப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். கூட்டக் குறிப்புகளைப் பார்வையிடும் உரிமையை 27-ஆவது பிரிவு வரி செலுத்துவோருக்குத் தந்திருக்கிறது. கட்டணம் செலுத்தி நகலும் பெறலாம். நம்மில் இதைக் கேட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

குறிப்புகளில் இல்லாத தகவல், எடுத்துக்காட்டாக ஒரு குத்தகை யாருக்கு எவ்வளவுக்குக் கொடுக்கப்பட்டது என்பது வேண்டுமானால், பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். பெயரில் 2010 என்று இருந்தாலும் அது 2015 ஜனவரி 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. படிவம் பூர்த்தி செய்து, கட்டணம் கட்டி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். மாநிலச் சட்டம் என்பதால் மாநிலத் துறைகளிடமும் மாநகர் மன்றங்களிடமும் இதைக் காட்டிக் கேட்கலாம். கூட்டரசு அலுவலகங்களை அது கட்டுப்படுத்தாது. ‘இந்தத் திட்டத்தின் எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மறுப்பதற்கு வழி கிடைத்துவிடும். எந்தச் சாலை, எந்த ஆண்டு, எந்த ஒப்பந்தம் என்று சுருக்கிக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மேல்முறையீட்டு வாரியத்திடம் போகும்போது அந்தக் கடிதம்தான் முதல் இணைப்பு.